ஸ்டென்ட் வைத்தவருக்குப் பல் பிடுங்குவதென்றால்

தம்பி, அப்பாவுக்குக் கண்டியில் ஸ்டென்ட் (இதயத்தின் இரத்தக் குழாய் அடைபடாமல் விரித்து வைக்கும் சின்னக் கம்பிவலை) வைத்து நாலு மாதம், இப்போது கடைவாய்ப் பல் பிடுங்க வேண்டும், அதற்காக இரத்தம் உறையாமல் தடுக்கும் குளோபிடோக்ரல் மாத்திரையை ஒரு கிழமை நிறுத்தலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்களாக நிறுத்தவே வேண்டாம், பக்கத்து லயத்தில் யார் என்ன சொன்னாலும் சரி.

இப்போது வைப்பது பெரும்பாலும் மருந்து பூசிய ஸ்டென்ட். உள்ளே தசை வளர்ந்து குழாய் மறுபடி அடைபடாமல் இருக்கத்தான் அந்த மருந்து, ஆனால் அதனாலேயே கம்பிவலையின் மேல் தோல் மூடவும் நாளாகும், மூடும்வரை வெறும் உலோகத்தில் இரத்தம் உறையப் பார்க்கும். அதைத் தடுக்கத்தான் அஸ்பிரினும் குளோபிடோக்ரலும் சேர்த்து. மாரடைப்பு வந்து வைத்தவர்களுக்கு வழக்கமாக 12 மாதம், முன்கூட்டியே திட்டமிட்டு வைத்தவர்களுக்கு 6 மாதம். இடையில் விட்டால் ஸ்டென்டே திடீரென்று அடைபடலாம்.

ஒரு பல்லை இரண்டு மாத்திரையும் போட்டுக்கொண்டே பிடுங்கலாம். கொஞ்சம் கூடுதலான நேரம் இரத்தம் கசியும், அவ்வளவுதான், பஞ்சை வைத்துக் கடித்துக்கொண்டால் நிற்கும், தேவைப்பட்டால் தையல் போடுவார்கள். பல் டாக்டரிடம் கிளினிக் கொப்பியைக் கட்டாயம் காட்டுங்கள். வலிக்கு பரசிட்டமோல் மட்டும், டைக்குளோஃபினாக் வேண்டாம்.

அப்புறம், வயிற்றெரிச்சலுக்கு ஒமெப்ரசோல் குடிக்கிறார் என்றீர்களே, அது குளோபிடோக்ரலின் வேலையைக் குறைக்கும். பன்டொப்ரசோலுக்கு மாற்ற முடியுமா என்று கிளினிக்கில் கேளுங்கள். நெஞ்சு வலித்தால் பஸ்ஸுக்கு நிற்காமல் 1990க்கு அடியுங்கள், அம்புலன்ஸ் இலவசம்.