மணக்கிற செடியெல்லாம் பூச்சியை விரட்டுமா?

கேள்வி: கத்தரி வைத்திருக்கும் பையிலேயே புதினாவையும் நட்டால் பூச்சி அண்டாது என்று நர்சரியில் சொல்கிறார்கள். வாங்கலாமா? (வாசகி, மதுரை)

பதில்: துவையலுக்கு வாங்குங்கள், தனித் தொட்டியில் வையுங்கள். ஒரே பையில் நட்டால் சில மாதங்களில் கத்தரிக்கு வேர்விட இடமிருக்காது.

கேள்வி: தக்காளி வேரெல்லாம் முடிச்சு விழுந்திருக்கிறது. இந்த முடிச்சுக்குக் காரணமான, மண்ணில் வாழும் நுண்ணிய நூற்புழுவைச் செண்டுமல்லி ஒழிக்கும் என்று கேள்விப்பட்டு, பூத்த தொட்டிகள் 6 வாங்கி அருகில் வைத்தும் பலனில்லை. பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா? (வாசகர், ஓசூர்)

பதில்: எதைச் சொல்லிக் கேட்பீர்கள்? அவர் பூச்செடி விற்றார், நீங்கள் பூச்செடி வாங்கினீர்கள். நூற்புழுவைத் தாக்கும் பொருள் செண்டுமல்லியின் வேரில் இருப்பதால், புழு உள்ள அதே மண்ணில், தக்காளிக்கு முன்பாகவே, அதை நெருக்கமாக நட்டு இரண்டு மாதமாவது வளர்க்க வேண்டும். ஒரு பொட்டலம் விதை போதுமாயிருந்த இடத்தில் 6 தொட்டிகளை வாங்கியிருக்கிறீர்கள்.

கேள்வி: ஓய்வூதியக்காரன் நான். இணையத்தில் 480 ரூபாய்க்கு 'மூலிகைப் பூச்சிவிரட்டி' வாங்கித் தெளித்ததில் மிளகாய்ச் செடிகள் கருகிவிட்டன. வேப்பெண்ணெய் கலந்தது என்றார்கள். இப்போது பதிலே இல்லை. (வாசகர், கும்பகோணம்)

பதில்: உங்கள் மீது தவறில்லை, ஐயா. சீட்டில் வேப்பிலைப் படத்தை அச்சிட்டுவிட்டு, உள்ளே இருப்பது என்ன என்பதை மறைக்கும் இந்தப் புட்டிகள் மீது எனக்கு நெடுநாள் கோபம் உண்டு. வேம்பில் பூச்சியின் தீனியையும் தோலுரிப்பையும் தடுக்கும் முக்கியமான பொருள் அசாடிராக்டின். அது எவ்வளவு இருக்கிறது என்பதை 300, 1500, 10000 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) என்று முறையான தயாரிப்புகளில் அச்சிட்டிருப்பார்கள். வேம்பிலிருந்து வந்ததேயானாலும் பூச்சிமருந்தாக விற்கும்போது 1968ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்படி பதிவு எண், தயாரித்த நாள், காலாவதி நாள் ஆகியவையும் இருந்தாக வேண்டும். இவை இல்லாத புட்டியில் விளக்கெண்ணெயே இருந்தாலும் நமக்குத் தெரியப்போவதில்லை. புட்டி, ரசீது, கருகிய செடி ஆகியவற்றைப் படமெடுத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிவு செய்யுங்கள். இனி எதை வாங்கினாலும், முதலில் ஒரு கிளையில் மட்டும், வெயில் தாழ்ந்தபின் தெளித்துப் பாருங்கள். அசாடிராக்டின் வெயிலில் சிதைந்துவிடும்.

கேள்வி: 'கொசு விரட்டும் செடி' வேலை செய்யுமா? (வாசகி, சேலம்)

பதில்: வாசனை ஜெரேனியத்துக்கு வியாபாரிகள் வைத்த பெயர் அது. மணத்துக்குரிய எண்ணெய் இலைக்குள் இருப்பதால், கசக்கினாலொழிய அதிகம் வெளிவராது. இதை அறியாமல் நானும் 350 ரூபாய் வீதம் இரண்டு வாங்கிப் படுக்கையறைச் சன்னலில் வைத்தேன். மறுநாள் காலை அதன் இலை மீதே ஒரு கொசு உட்கார்ந்திருந்தது. கொசுவலை வாங்குங்கள்.