ஈமெயிலிலும் வெப் பக்கத்திலும் போடப் போட்டோவைச் சிறிதாக்குவது எப்படி? தரம் குறையுமா?

குறையும். படம் பிக்சல் என்ற சின்னப் புள்ளிகளால் ஆனது, சிறிதாக்கும்போது போன பிக்சல் திரும்பி வராது. ஆனால் அது அனுப்புகிற கொப்பியில்தான் குறைய வேண்டும், மூலப் படத்தில் கைவைக்கவே கூடாது.

நீங்களும் போனில் எடுத்த படங்களை வெளிநாட்டுச் சொந்தக்காரருக்கு அனுப்பப் பார்க்கிறீர்கள் என்று நினைக்கிறேன். 12 மெகாபிக்சல் போனில் எடுத்த படம் 4000க்கு 3000 பிக்சல் இருக்கும், ஒவ்வொன்றும் மூன்று நாலு எம்பி வரும். ஜிமெயில் 25 எம்பி வரை விடும், ஆனால் இணைக்கிற கோப்பு போகும்போது மூன்றில் ஒரு பங்கு பெருத்துவிடும், அதனால் 18 எம்பிக்கு மேல் வைக்காதீர்கள். முதலில் படத்தைக் கொப்பி எடுங்கள். கொப்பியை விண்டோஸில் இருக்கிற பெயின்ட்டில் திறந்து, ரீசைஸில் பிக்சலைத் தெரிந்து, நீளப் பக்கத்துக்கு 1600 கொடுங்கள். வெப் பக்கத்துக்கு 1200 போதும். விகிதத்தைக் காக்கிற டிக்கை எடுத்துவிடாதீர்கள், முகம் சப்பையாகிவிடும். பிறகு சேவ் அஸ் கொடுத்து வேறு பெயரில் ஜேபெக்காக வையுங்கள். அவ்வளவுதான் வேலை.

கொப்பி, வேறு பெயர் என்று நான் பிடித்துக்கொண்டு நிற்பதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் வீடு மட்டக்களப்புக் கடற்கரையில், நாவலடியில் இருந்தது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் வீட்டோடு அல்பங்களும் போயின. அம்மா அப்பாவின் கல்யாணப் படம் ஒன்று மட்டும் களுவாஞ்சிகுடியில் பெரியம்மாவின் அலுமாரியில் கிடந்து தப்பியது. 2006இல் அதை வாங்கி வந்து, நான் வேலை செய்த இடத்து ஸ்கேனரில் 600 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளியில், எடுத்தேன். நாலுக்கு ஆறு அங்குலப் படம், 2400க்கு 3600 பிக்சல் வந்தது. அம்மாவின் கூறைச் சேலைக் கரையைக்கூட எண்ணிப் பார்க்கலாம், அவ்வளவு தெளிவு. கனடாவில் இருக்கும் மாமா உடனே அனுப்பச் சொன்னார். அப்போது டயல்-அப், கொமினிகேஷனில், அதாவது போன், இன்டர்நெட் கடையில், நிமிடக் கணக்கில் காசு, பாதி ஏறும்போது லைன் அறுந்துவிடும். அதனால் 480க்கு 720 ஆகக் குறைத்து, அதே பெயரில் சேவ் பண்ணி அனுப்பினேன். மாமா அழுதுகொண்டு போன் எடுத்தார். எனக்கும் சந்தோசம்தான். இருபத்தைந்து பிக்சலில் இருபத்திநாலை அழித்துவிட்டேன் என்பது அப்போது உறைக்கவில்லை.

படத்தைப் பெரியம்மாவிடமே திருப்பிக் கொடுத்தேன். 2011 ஜனவரி வெள்ளத்தில் அலுமாரியின் கீழ்த் தட்டு முழுதும் ஊறி, இழுத்து எடுக்கும்போது முகங்கள் இரண்டும் உரிந்து வந்துவிட்டன.

போன வருடம் அம்மா தவறிவிட்டார். 31ஆம் நாளுக்கு அந்தப் படத்தை 12க்கு 18 அங்குலத்தில் அடிக்கலாம் என்று பெரியம்மாவையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். "அண்ணே, அங்குலத்துக்கு 40 பிக்சல்தான் வருது, ஒரிஜினல் இல்லையா?" என்று கடைப் பொடியன் கேட்டான். நல்ல பிரின்டுக்கு 300 வேண்டும். "மறுகா என்ன செய்யிற மனே?" என்றார் பெரியம்மா. என்னிடம் பதில் இல்லை.

வேறொரு கடையில் அடித்த கண்ணீர் அஞ்சலி பேனரில் அம்மாவின் பெயரையே பிழையாகப் போட்டார்கள், ண வர வேண்டிய இடத்தில் ன. திருத்தச் சொன்னால், ஒருவரும் உற்றுப் பார்க்க மாட்டார்கள் என்கிறார்கள். செத்தவரின் பெயரை ஒரு தரம் வாசித்துப் பார்த்துவிட்டு அடிக்க இவர்களுக்கு என்ன கஷ்டம்? கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், ஆனாலும் இன்னும் ஆறவில்லை.

டிபிஐயை 72 ஆக்கினால் போதுமே என்று யாராவது எழுத வருவீர்கள். அந்த எண் பிரின்டருக்கு, திரையில் பிக்சல்தான் கணக்கு. கூகுள் டிரைவில் போட்டு லிங்க் அனுப்பலாமே என்றால், தாராளமாக அனுப்புங்கள், ஆனால் வயதானவர்கள் லிங்க்கைத் திறக்க மாட்டார்கள். ஏஐயில் பெரிதாக்கலாம் என்பவர்களுக்கு: செய்து பார்த்தேன். மினுமினுப்பாக ஒரு முகம் வந்தது. அது அம்மாவின் முகம் இல்லை, இல்லாத பிக்சலை அது தானே ஊகித்து நிரப்புகிறது.

மாமாவின் பழைய மெயிலையும் தேடச் சொன்னேன். அவரிடம் இருப்பதும் அந்த 480க்கு 720தான்.