எஸ்.ஜி.பி.டி. நார்மல்; அப்படியானால் கல்லீரல் குணமாகிவிட்டதா?

கேள்வி: என் கணவருக்கு 47 வயது. துறைமுகத்தில் ஐஸ் வியாபாரம். வயிற்றில் நீர் கோத்துக்கொண்டதால் ஜிப்மருக்குப் போனோம், சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறும் நோய்) என்றார்கள். குடியை விட்டு மூன்று மாதம் ஆகிறது. இப்போது ரத்தப் பரிசோதனையில் எஸ்.ஜி.பி.டி. 34, நார்மல். "எல்லாம் சரியாப் போச்சு" என்கிறார். வயிறு அடிக்கடி போகிறது என்று லாக்டுலோஸ் சிரப்பை நிறுத்திவிட்டார். பகலெல்லாம் தூங்குகிறார், ராத்திரி விழித்திருக்கிறார். சொந்தக்காரர்கள் இளநீரும் கீழாநெல்லியும் கொடுக்கச் சொல்கிறார்கள். கொடுக்கலாமா?
- வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: சகோதரி, நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கும் அந்தத் தூக்கம்தான் எனக்குக் கவலை தருகிறது. குடலில் உண்டாகும் அம்மோனியாவைக் கல்லீரல் வடிகட்ட முடியாமல் போனால் அது மூளையைப் பாதிக்கும். இரவும் பகலும் தலைகீழாவது அதன் ஆரம்ப அறிகுறி. லாக்டுலோஸ் அந்த அம்மோனியாவை மலத்தோடு வெளியேற்றுகிற மருந்து. ஒரு நாளைக்கு இரண்டு, மூன்று முறை இளக்கமாகப் போகவேண்டும் என்றுதான் கொடுக்கிறோம். தண்ணீராக ஐந்தாறு முறை போனால் அளவைக் குறைக்கலாம், நிறுத்தக் கூடாது. இன்றே அவருடைய டாக்டரிடம் பேசி மறுபடி தொடங்குங்கள். தூக்க மாத்திரை எதையும் கடையில் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். பேச்சு குழறினாலோ, ஆள் தெரியாமல் உளறினாலோ, நீட்டிய கை படபடவென்று ஆடினாலோ, ராத்திரியானாலும் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். ரத்த வாந்தி, தார்போல் கறுத்த மலம், வயிற்று வலியோடு காய்ச்சல், இவற்றுக்கும் அப்படியே.

எஸ்.ஜி.பி.டி. என்பது கல்லீரல் செல்கள் அடிபடும்போது ரத்தத்தில் கசியும் நொதி. குடியை நிறுத்தியதால் கசிவு குறைந்திருக்கிறது. அடுப்பு அணைந்தால் புகை நிற்கும், எரிந்த விறகு திரும்பாது. சிரோசிஸ் முற்றியவருக்கும் இந்த எண் நார்மலாக இருக்கலாம். கல்லீரல் எவ்வளவு வேலை செய்கிறது என்பதை பிலிருபின் (மஞ்சள் நிறமி), ஆல்புமின் (கல்லீரல் உண்டாக்கும் புரதம்), ஐ.என்.ஆர். (ரத்தம் உறையும் திறனைக் காட்டும் எண்) மூன்றும்தான் சொல்லும். அந்த ரிப்போர்ட்டை எடுத்து இவற்றைப் பாருங்கள். எண்டோஸ்கோப்பி செய்தார்களா என்றும் கேளுங்கள். உணவுக்குழாயில் ரத்தநாளங்கள் புடைத்திருந்தால் வெடிக்காமல் தடுக்க மாத்திரை உண்டு. கல்லீரல் புற்றுநோயை முன்கூட்டியே பிடிக்க 6 மாதத்துக்கு ஒருமுறை வயிற்று ஸ்கேன் அவசியம்.

இளநீர் விஷயத்தில் உங்கள் சொந்தக்காரர்களோடு நான் ஒத்துப்போக முடியாது. வயிற்று நீருக்குப் பெரும்பாலும் ஸ்பைரோனோலாக்டோன் என்ற, சிறுநீரைப் பெருக்கும் மாத்திரை கொடுப்பார்கள். அது உடம்பில் பொட்டாசியத்தை ஏற்றும்; இளநீரிலும் பொட்டாசியம் நிறைய. இரண்டும் சேர்ந்தால் இதயத் துடிப்பே தடுமாறலாம். பொட்டாசியம் சேர்த்த 'லோ சோடியம்' உப்புக்கும் இதே ஆபத்து. இந்துப்பு நல்லது என்பார்கள், அதுவும் உப்புதான். மொத்தமே ஒரு நாளைக்கு 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூன். துறைமுகத்துப் பக்கம் குடியிருந்துகொண்டு கருவாட்டை விடுவது கஷ்டம், தெரியும். ஆனாலும் கருவாடு, ஊறுகாய், அப்பளம் மூன்றும் வேண்டாம்.

சமைத்த புது மீன், முட்டை, பருப்பு தாராளமாகக் கொடுங்கள். புரதம் கூடாது என்பது பழைய பத்தியம். அதனால் சதைதான் கரையும். படுக்கும் முன் இரண்டு இட்லியோ ஒரு டம்ளர் பாலோ சாப்பிடட்டும், ராத்திரி முழுக்க வெறும் வயிறு இவர்களுக்கு ஆகாது. மூட்டு வலி, முதுகு வலி என்று டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன் போட்டுக்கொண்டால் சிறுநீரகம் பாதிக்கும். வலிக்கு பாராசிட்டமால் போதும், நாளைக்கு 2 கிராமைத் தாண்டாமல்.

கீழாநெல்லி: ஹெபடைடிஸ் பி கிருமி உள்ளவர்களுக்கு இது பலன் தந்ததாக 1988-இல் சென்னை ஆய்வு ஒன்று வெளியானது. பிறகு வந்த ஆய்வுகளில் அந்தப் பலன் உறுதியாகவில்லை. உங்கள் கணவருக்கு வந்திருப்பது வேறு நோய், குடியால் வந்த தழும்பு. கீழாநெல்லி என்ற பெயரில் என்னென்ன அரைத்துக் கலக்கிறார்கள் என்பதும் தெரியாது. வேண்டாம்.

கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மனதில் ஓடும். குடியை அடியோடு விட்ட சிலருக்கு மாதங்கள் செல்லச் செல்ல வயிற்று நீர் வற்றி, மாத்திரையும் குறைந்திருக்கிறது. மருந்துக்கும் அடங்காமல் நீர் திரும்பத் திரும்பக் கோத்தால் அந்தப் பேச்சை எடுக்கலாம். தமிழக முதல்வரின் காப்பீட்டுத் திட்டத்தில் அதற்கு இடமுண்டு. அட்டை இல்லையென்றால் இப்போதே விண்ணப்பித்து வையுங்கள்.