பழைய ஸ்போர்ட்ஸ் டூரிங் பைக்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நானும் என் கணவரும் பள்ளி ஆசிரியர்கள். விடுமுறைக் காலங்களில் மூணாறு, கொடைக்கானல் வரை இருவருமாகப் பைக்கில் போய்வர வேண்டும் என்பது எங்கள் நெடுநாள் ஆசை. 2012-ஆம் ஆண்டில் பதிவான ஹோண்டா சிபிஆர் 250 ஆர் வண்டிகள் இரண்டு விலைக்கு வந்துள்ளன. குளச்சலில் கடற்கரையை ஒட்டிய வீட்டில் நிற்கும் வண்டி 18,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. மூன்று ஆண்டுகளாகப் பெரும்பாலும் அதை எடுக்கவே இல்லையாம். மார்த்தாண்டத்தில் உள்ளது 46,000 கிலோமீட்டர் ஓடியது, விலையும் கூடுதல். ஆனால் சர்வீஸ் பில்களை எல்லாம் கோப்பாக வைத்திருக்கிறார்கள். எதை வாங்கலாம்?
– வாசகி, தக்கலை

பதில்: மார்த்தாண்டத்து வண்டியை முதலில் போய்ப் பாருங்கள். கிலோமீட்டர் குறைவாக இருப்பதே வண்டியின் நலத்துக்குச் சான்று என்று நம் ஊரில் பலரும் எண்ணுகிறார்கள். பழைய வண்டிகளைப் பொறுத்தவரை அந்த எண்ணத்தை நான் ஏற்பதில்லை. திரவக் குளிர்விப்பும் எரிபொருள் இன்ஜெக்ஷனும் கொண்ட அந்த ஒற்றை சிலிண்டர் இன்ஜினுக்கு, ஆயிலும் கூலன்ட்டும் காலத்தில் மாற்றப்பட்டிருந்தால், 46,000 கிலோமீட்டர் பெரிய ஓட்டமே அல்ல. ஓடாமல் கடற்காற்றில் நிற்பதுதான் வண்டியைத் தின்றுவிடும். முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் குழாயில் உப்பு படிந்தால் முதலில் புள்ளிப் புள்ளியாகத் துரு பிடிக்கும். அந்தப் புள்ளிகள் ஏறி இறங்கும்போது ஆயில் சீலைக் கிழிக்கும். கசியும் ஆயில் வழிந்து முன் பிரேக் பேடில் இறங்கினால் பிரேக்கே பிடிக்காமல் போகும். டேங்கில் தேங்கிய பெட்ரோலில் கலந்துள்ள எத்தனால் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்வதால் டேங்கின் உட்புறம் துருப்பிடிப்பதோடு, உள்ளேயே அமைந்திருக்கும் பெட்ரோல் பம்ப்பும் கெடக்கூடும். பிரேக் ஆயிலும் ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையது என்பதால் ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும்.

எந்த வண்டியானாலும், பார்க்க வருவதாகச் சொல்லும்போதே, நீங்கள் வந்து சேரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். போனதும் முதல் வேலையாக இன்ஜின் மீது கை வைத்துப் பாருங்கள். ஏற்கெனவே சூடாக இருந்தால், காலையில் ஸ்டார்ட் ஆகத் தயங்கும் வண்டியோ என்று ஐயப்பட உங்களுக்கு உரிமை உண்டு. முழுக் கவசம் போட்ட வண்டிகளில் விழுந்த தழும்புகளை ஃபேரிங் மறைத்துவிடும் ஆதலால், பளபளப்பான பக்கவாட்டை விட்டுவிட்டு, கைப்பிடியின் நுனி, லீவரின் முனை, கால்வைக்கும் கட்டையின் ஓரம், ஹேண்டில் இருபுறமும் முட்டி நிற்கும் இடம் ஆகியவற்றைப் பாருங்கள். கீழே விழுந்த வண்டி அங்கேதான் தேய்ந்தோ நசுங்கியோ இருக்கும். ஃபேரிங்கின் உட்புறக் கொக்கிகள் ஒடிந்திருக்கின்றனவா என்றும் கவனியுங்கள். இந்த மாடலின் விற்பனை 2020-இல் நின்றுவிட்டது. பேட், ஃபில்டர், செயின் போன்றவற்றுக்குக் குறைவில்லை என்றாலும், ஃபேரிங் துண்டுகளைத் தேடி அலைய நேரும்.

நடு ஸ்டாண்ட் இல்லாத வண்டி என்பதால், மெக்கானிக்கை அழைத்துச் சென்று முன்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தச் சொல்லி, ஹேண்டிலை மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். நேராக வரும் இடத்தில் குழியில் விழுவதுபோலத் தட்டினால் ஸ்டியரிங் பேரிங் தேய்ந்துவிட்டது என்று பொருள். பின் ஸ்பிராக்கெட்டின் (செயின் ஓடும் பல்சக்கரம்) பின்புறத்தில் செயினை விரலால் இழுங்கள்; பல்லை விட்டு நன்றாக விலகி வந்தால் செயினையும் இரு ஸ்பிராக்கெட்டுகளையும் சேர்த்தே மாற்ற வேண்டும். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று அச்சாகியிருக்கும். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்த டயர். தடம் நன்றாக மிச்சமிருந்தாலும், அத்தனை பழைய ரப்பர் இறுகிப்போயிருக்கும். மலைச்சாலையில் மழையும் சேர்ந்துகொண்டால் அதை நம்பி இருவர் செல்லக் கூடாது.

பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். உள்ள வகையானால், சாவியைத் திருப்பியதும் மீட்டரில் அதற்கான விளக்கு எரிய வேண்டும். வண்டி சற்று நகர்ந்து வேகம் எடுத்ததும் அணைந்துவிட வேண்டும். தொடக்கத்திலேயே எரியாவிட்டால் பல்பைக் கழற்றியிருக்கக்கூடும் என்பதால் அதை நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பேட்டரியில் ஸ்டார்ட் செய்யும் முன் 12.6 வோல்ட் அளவிலும், இன்ஜின் ஓடும்போது 13.5 முதல் 14.5 வரையும் மீட்டர் காட்டினால் சார்ஜிங் பகுதியைப் பற்றி நிம்மதி கொள்ளலாம்.

இத்தனையும் சரியாக இருந்தாலும், வண்டி விலையில் கால் பங்கைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு மீதிக்குள் பேரம் பேசுங்கள். டயர், செயின், பேட்டரி, பிரேக் பேட், எல்லா ஆயில்கள் என்று முதல் மாதத்திலேயே அந்தத் தொகை தேவைப்படும். 2012-இல் பதிவான வண்டிக்கு 15 ஆண்டுப் பதிவுக்காலம் 2027-இல் முடிகிறது. அதன்பின் வண்டியை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் காட்டித் தகுதி பெற்று, ஐந்து ஐந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும், பசுமை வரியும் உண்டு. விலை பேசும்போது விற்பவரிடம் இதையும் எடுத்துச் சொல்லுங்கள்.

கேள்வி: கேரளத்துப் பாறசாலையில் கே.எல். பதிவெண் கொண்ட வண்டி ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. ‘ஆர்.சி. என் பெயரிலேயே இருக்கட்டும், நீங்கள் ஓட்டிக்கொள்ளுங்கள்’ என்கிறார் உரிமையாளர். வாங்கலாமா?
– வாசகர், களியக்காவிளை

பதில்: அந்த ஏற்பாட்டுக்கு ஒருபோதும் ஒப்புக்கொள்ளாதீர்கள். விபத்து நேர்ந்தால் அவரும் நீங்களும் சேர்ந்தே சிக்கிக்கொள்வீர்கள். வண்டிக்கான சேதத்துக்கு இன்சூரன்ஸ் தொகை கேட்கும் இடத்தில் உங்களுக்கு நிற்க இடம் இராது. எல்லைக்கு இருபுறமும் உறவும் தொழிலும் கலந்து கிடக்கும் நம் பகுதியில் இது சாதாரணமாக நடந்துவருகிறது என்பதாலேயே இதை அழுத்திச் சொல்கிறேன். முறைப்படி வாங்குவதானால், அங்குள்ள போக்குவரத்து அலுவலகத்தில் படிவம் 28 வழியாக என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) பெற்று, 29, 30 படிவங்களில் இருவரும் கையொப்பமிட்டு, உங்கள் முகவரிக்கு உரிய மார்த்தாண்டம் அலுவலகத்தில் டி.என். 75 எண்ணுக்கு மாற்ற வேண்டும். கடனில் வாங்கிய வண்டி என்றால் வங்கியின் படிவம் 35-உம் வேண்டும். தமிழ்நாட்டின் வாழ்நாள் வரியை வண்டியின் வயதுக்கேற்பக் கட்ட வேண்டியிருக்கும். அதையும் கூட்டிப் பார்த்தால் ‘மலிவு’ எவ்வளவு மிஞ்சுகிறது என்பது தெரிந்துவிடும். முன்பணம் கொடுக்கும் முன் பரிவாகன் தளத்தில் பதிவெண்ணைப் போட்டு, கடன், இன்சூரன்ஸ், நிலுவை அபராதம் ஆகியவற்றைப் பார்த்துவிடுங்கள். ஆர்.சி.யில் உள்ள சேசிஸ் எண்ணை வண்டியில் பொறித்திருப்பதோடு நேரில் ஒப்பிடுங்கள். விற்பவருடைய நோ கிளெய்ம் போனஸ் (இழப்பீடு கேட்காதவருக்கு இன்சூரன்ஸில் கிடைக்கும் சலுகை) உங்களுக்குச் சேராது என்பதையும் அறிந்திருங்கள்.

கேள்வி: பத்து ஆண்டுப் பழைய டூரிங் பைக் வாங்கியிருக்கிறேன். வாரந்தோறும் ஆரல்வாய்மொழி வழியாகத் திருநெல்வேலி போய்வருகிறேன். பின்பெட்டி, இரு பக்கப் பெட்டிகள், கூடுதல் விளக்குகள், சத்தமான சைலன்சர் ஆகியவற்றைப் பொருத்த விரும்புகிறேன். எதை முதலில் செய்யலாம்?
– வாசகர், பூதப்பாண்டி

பதில்: சைலன்சரை விட்டுவிடுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு அதற்கு இடம் கொடுப்பதில்லை. நெடுந்தூரப் பயணத்தில் அந்தச் சத்தம் முதலில் களைப்பூட்டுவதும் ஓட்டுபவரைத்தான்.

பெட்டிகளைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்முனையில் உள்ள இடைவெளி வழியாக ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குள் காற்று குவிந்து பாய்வதால்தான் முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் காவல்கிணறு சாலையில், லாரி ஒன்றைக் கடந்து அதன் மறைவிலிருந்து வெளியே வரும் கணத்தில், காற்று வண்டியைப் பக்கவாட்டில் தள்ளுவதை நீங்களே உணர்ந்திருப்பீர்கள். பின்சக்கர அச்சுக்குப் பின்னால் உயரத்தில் நிற்கும் பெட்டியில் கனம் ஏறினால் முன்சக்கரத்தின் பிடிப்பு குறையும். காற்றுக்கு விரித்த பாய்போல அது வேலை செய்யும். ஆகவே உங்கள் வழித்தடத்துக்கு, இருக்கையின் இருபுறமும் தாழ்வாகத் தொங்கும் துணிப் பைகளே உகந்தவை. கனமானவற்றை அடியில், முன்பக்கம் தள்ளி வையுங்கள். இருபுற எடையும் ஏறத்தாழ ஒத்திருக்கட்டும். சைலன்சர் பக்கப் பையைத் தாங்குகம்பி இல்லாமல் கட்டினால் ஒரே பயணத்தில் உருகிவிடும். பின்பெட்டி வேண்டியே ஆக வேண்டும் என்றால் மழைக்கோட்டு போன்ற இலேசான பொருள்களுக்கு மட்டும் பயன்படுத்துங்கள். சுமை ஏறும்போது பின் சஸ்பென்ஷனின் ஸ்பிரிங் இறுக்கத்தையும், வண்டியின் ஸ்டிக்கரில் இருவருக்கெனக் குறித்துள்ள டயர் காற்றழுத்தத்தையும் கடைப்பிடிக்க மறக்காதீர்கள்.

விளக்குகளைப் பொருத்துவதானால் தனி ஃபியூஸும் ரிலேயும் வைத்து, பேட்டரியிலிருந்து நேராக வயர் இழுக்கச் சொல்லுங்கள். பழைய ஹெட்லைட் வயரை வெட்டி ஒட்டுவது பாதி இரவில் நின்றுபோகும் வண்டிகளுக்கு முக்கியமான காரணம். அதற்கும் முன்பாக, மங்கிப்போன ஹெட்லைட் கண்ணாடியைத் தீட்டி, வெளிச்சம் விழும் கோணத்தைச் சரிசெய்து பாருங்கள். கூடுதல் விளக்கே தேவைப்படாமல் போகலாம். ட்யூப்லெஸ் டயருக்கான பஞ்சர் கிட்டையும் சிறிய காற்றுப் பம்ப்பையும் மட்டும் இன்றே வாங்கி இருக்கைக்கு அடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சிபிஆர் 250-க்குப் பதிலாகப் பழைய கவாசாகி நிஞ்ஜா 650 வாங்கினால் என்ன?
– வாசகர், குலசேகரம்

பதில்: தேசிய நெடுஞ்சாலையில் நாள் முழுவதும் ஓடுவதற்கு அந்த இரட்டை சிலிண்டர் இன்ஜின் மிக நல்லது. ஆனால் 2017-க்கு முந்தைய வண்டியின் எடை 200 கிலோவைத் தாண்டும். மழையில் வழுக்கும் ரப்பர் தோட்டத்துச் சாலைகளிலும் பேச்சிப்பாறை வளைவுகளிலும் அதைத் திருப்பி நிறுத்துவது புதியவருக்கு எளிதன்று. உதிரிப் பாகங்களின் விலையும் 250-ஐ விடப் பன்மடங்கு. பெரிய வண்டியில் முன் அனுபவம் இருந்து, டயருக்கும் பராமரிப்புக்கும் செலவிட வசதியும் இருந்தால் வாங்குங்கள். இல்லையேல் 250-இல் இரண்டு மழைக்காலங்களை ஓட்டிய பிறகு முடிவெடுங்கள்.