உண்ணிக் காய்ச்சலில் தேறிய மாட்டுக்கு அது மறுபடியும் வருமா? ஒரே கிருமிக்கு ஏன் ஒரு தடுப்பூசி செய்ய முடியவில்லை?

கேள்வி கேட்டவரின் கலப்பினப் பசு, உண்ணிக் காய்ச்சலில் ஒரு வகையான அனப்ளாஸ்மா நோயில் படுத்து ஊசி மருந்தில் எழுந்திருக்கிறது. ஒரே பெயருள்ள ஒரே கிருமிதானே, அதற்கு ஒரு தடுப்பூசி போதாதா என்பது அவருடைய ஆதங்கம். கால்நடை ஆய்வகத்தில் பல ஆண்டுகள் இரத்தப் பூச்சுகளை, அதாவது கண்ணாடித் தகட்டில் மெல்லப் பூசிய இரத்தத்தை, நுண்ணோக்கியில் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: பெயர் ஒன்றாக இருக்கலாம், கிருமி ஒன்றல்ல.

உண்ணிக் காய்ச்சல் என்று நாம் பொதுவாகச் சொல்வதில் பபேசியா, தைலேரியா ஆகிய ஒற்றைச் செல் ஒட்டுண்ணிகளால் வருவனவும் அடங்கும். ஆனால் அனப்ளாஸ்மா நோயைத் தரும் அனப்ளாஸ்மா மார்ஜினேல் பாக்டீரியா வகையைச் சேர்ந்தது. பபேசியாவில் சிறுநீர் சிவக்கும். அனப்ளாஸ்மாவில் சிவக்காது, ஆனால் கண்ணிமையின் உட்புறம் வெளுத்து, பிறகு மஞ்சள் ஏறி, பால் சட்டென்று வற்றிவிடும். ஜிம்சா சாயமிட்ட பூச்சில் சிவப்பணுவின் விளிம்பில் கரும்புள்ளியாகத் தெரியும் இக்கிருமியை 1910இல் தென்னாப்பிரிக்காவில் கால்நடை மருத்துவ ஆய்வாளர் அர்னால்ட் தைலர் விவரித்தார். விளிம்பில் இருப்பதால்தான் அதற்கு மார்ஜினேல் என்ற பெயர்.

நுண்ணோக்கியில் எல்லாப் புள்ளிகளும் ஒன்றுபோலவே தெரியும். வேறுபாடு மரபணுவில் இருக்கிறது. கிருமியின் மேற்புறத்தில் எம்.எஸ்.பி. 1ஏ என்றொரு புரதம் உண்டு. உண்ணியின் செல்லைப் பற்றிக்கொள்ள உதவும் அதன் ஒரு பகுதியில், ஏறத்தாழ 28 அல்லது 29 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு துண்டு, மாலையில் மணி கோத்தாற்போல் திரும்பத் திரும்ப வருகிறது. அமெரிக்காவில் முதலில் ஒப்பிட்ட வகைகளில், புளோரிடாவில் கிடைத்ததில் இத்துண்டு எட்டு முறையும், ஐடஹோவினதில் ஆறு முறையும், வாஷிங்டனுடையதில் நான்கு முறையும், வர்ஜீனியாவினதில் இரண்டே முறையும் வந்தது. துண்டுகளின் எண்ணிக்கை மட்டுமல்லாமல் அவற்றிலுள்ள அமினோ அமிலங்களின் வரிசையும் மாறுவதால், ஒரு கிருமி எந்த வகையைச் சேர்ந்தது என்பதை அதைக்கொண்டே அடையாளம் காண்கிறார்கள்.

இந்த வேறுபாட்டை வளர்ப்பதில் மாட்டு வணிகத்துக்குப் பெரும் பங்கு உண்டு என்பது என் உறுதியான கருத்து. 1872இல் பட்டாவியாவிலிருந்து (இன்றைய ஜகார்த்தா) டார்வின் நகருக்கு வந்திறங்கிய மாடுகளோடு உண்ணியும் நுழைந்த ஆஸ்திரேலியாவில், அதன்பின் வெளிநாட்டு மாடுகளின் வரவு குறைவாகவே இருந்ததால், ஆய்வு செய்த கிருமிகளில் இப்புரதத்தின் ஒரே அமைப்புதான் காணப்பட்டது. பல திசைகளிலிருந்தும் மாடுகள் வந்து சேர்ந்த அமெரிக்கக் கண்டங்களிலோ ஒரு மந்தைக்குள்ளேயே பல வகைகள் இருக்கின்றன.

இதைவிட எனக்கு வியப்பளிப்பது, ஒரே மாட்டின் உடலுக்குள் நடக்கும் மாற்றம். எம்.எஸ்.பி. 2 என்ற மற்றொரு மேற்புறப் புரதத்தை உண்டாக்கும் இடம் கிருமியின் மரபுத்தொகுதியில் ஒன்றே ஒன்றுதான். ஆனால் அதற்குரிய முழுமையற்ற பிரதிகள் வேறு இடங்களில் கிடக்கின்றன. அவற்றிலிருந்து சிறு சிறு துண்டுகளை எடுத்து அந்த ஓரிடத்தில் ஒட்டுப்போட்டு, கிருமி தன் சட்டையை மாற்றிக்கொண்டே இருக்கிறது. மாட்டின் எதிர்ப்பாற்றல் பழைய சட்டையை அடையாளம் கண்டு அழிப்பதற்குள் புதிய சட்டை அணிந்த கூட்டம் பெருகிவிடும். இரத்தத்தில் கிருமியின் எண்ணிக்கை சில வாரங்களுக்கு ஒருமுறை ஏறி இறங்குவதற்கும், நோயிலிருந்து தேறிய மாடு பெரும்பாலும் வாழ்நாள் முழுதும் கிருமியைச் சுமப்பதற்கும் இதுவே காரணம்.

ஆக, தேறிய உங்கள் பசுவுக்குத் தன்னுள் இருக்கும் வகை பெரும்பாலும் மறுபடி கடும் நோயைத் தராது. ஆனால் வேறு சட்டைகளை இருப்பில் வைத்திருக்கும் இன்னொரு வகை வெளியிலிருந்து வந்தால், அது பழையதோடு சேர்ந்து அதே உடலில் குடியேறக்கூடும். இந்நோய்க்குப் போடும் ஆக்சிடெட்ராசைக்ளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்து உயிரைக் காக்கும். எல்லாக் கிருமியையும் துடைத்துவிடும் என்று எண்ணிவிட வேண்டாம். 'ஊசி போட்டாச்சே, போயிருக்கும்ல?' என்று என்னிடம் கேட்ட ஒவ்வொருவருக்கும், மாடு நலம், கிருமி உள்ளே இருக்கலாம் என்றே சொல்ல வேண்டியிருந்தது.

இப்படி வகைகள் பலவாக இருப்பதாலும் சட்டை மாறிக்கொண்டே இருப்பதாலும்தான் எல்லாவற்றுக்கும் பொருந்தும் ஒரு தடுப்பூசி எளிதில் அமைவதில்லை. ஆனால் தடுப்பூசியே இல்லை என்பதும் சரியன்று. மென்மையான நோய் தரும் உறவுக் கிருமியான அனப்ளாஸ்மா சென்ட்ரேல் என்பதையும் தைலரே கண்டார். அதை உயிரோடு தடுப்பூசியாக இஸ்ரேல், தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளில் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள். அது தொற்றைத் தடுப்பதில்லை, கடுமையைக் குறைக்கிறது. மேலும் அது மாட்டு இரத்தத்தில் தயாராவதால், அந்த இரத்தத்தில் வேறு நோய்க்கிருமி ஒளிந்திருந்தால் அதுவும் கூடவே போய்விடும் என்ற அச்சம் நியாயமானது.

அடுத்து மாடு வாங்கும்போது உண்ணியைப் பார்ப்பதோடு நிற்காமல் இரத்தத்தையும் சோதித்துக்கொள்ளுங்கள். கிருமியைச் சுமக்கும் நலமான மாட்டின் பூச்சில் அது கண்ணுக்குப் படாமலே போகலாம் என்பதால், முடிந்தால் கிருமியின் மரபணுவையே தேடிக் கண்டுபிடிக்கும் பி.சி.ஆர். சோதனை கேளுங்கள். இந்நோய் உண்ணியால் மட்டுமல்லாமல் கடிக்கும் ஈக்களாலும், ஒரே ஊசியை அடுத்தடுத்த மாடுகளுக்குப் போடுவதாலும், கொம்பு நீக்கும் கருவியைக் கழுவாமல் பயன்படுத்துவதாலும் பரவும். உங்கள் கொட்டகைக்கு ஊசி போட வருபவரிடம், ஒவ்வொரு மாட்டுக்கும் புது ஊசி வேண்டுமென்று தயங்காமல் கேளுங்கள்.