கண்ணாடி அணிபவர்கள் ஹெல்மெட்டை வலியில்லாமல் போட்டுக்கொள்வது எப்படி?

முழு முகத் தலைக்கவசம் போட்டால் அரை மணி நேரத்தில் காதுக்கு மேல் வலி எடுக்கிறது, அதிகாலையில் லென்ஸில் ஆவி படிகிறது, தாடையை மூடாத அரைத் தலைக்கவசத்துக்கு மாறிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து மாறாதீர்கள். இரண்டு தொல்லைகளுக்கும் வழி இருக்கிறது.

எனக்கு இரண்டு கண்ணிலும் மைனஸ் நாலரை. தேன்கனிக்கோட்டையிலிருந்து ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போய் வர ஒரு நாளைக்கு ஏறக்குறைய 50 கிலோமீட்டர் வண்டி ஓட்டுகிறேன். 2015 ஜூலை 1 முதல் தமிழ்நாட்டில் தலைக்கவசம் கட்டாயம் என்று உயர் நீதிமன்ற உத்தரவு வந்தபோது, சாலையோரத்தில் குவித்து வைத்து விற்றவற்றில் கைக்குக் கிடைத்த ஒன்றை வாங்கினேன். தலையில் நுழைந்தது; கண்ணாடி நுழையவில்லை. நுழைத்தாலும் வழியிலுள்ள மத்திகிரி தாண்டுவதற்குள் நெற்றிப்பொட்டில் ஆணி அடித்ததுபோல இருக்கும். ஒரு நாள் இரவுப் பணி முடிந்து திரும்பும்போது வலி பொறுக்காமல் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். பழகிய சாலைதானே என்ற தைரியம். வெள்ளைக் கோடு அழிந்துபோன ஒரு வேகத்தடை என் கண்ணுக்குத் தெரியவே இல்லை. இடது காறை எலும்பு முறிந்தது. வீட்டுக்கு வந்து தலைக்கவசத்தைத் திருப்பிப் பார்த்தால், உராய்ந்த தடம் முழுவதும் தாடைப் பகுதியில் இருந்தது. கறுப்புச் சாயம் போய், உள்ளேயிருந்த வெளிறிய பிளாஸ்டிக் தேய்ந்து தெரிந்தது. அரைத் தலைக்கவசமாக இருந்திருந்தால் அந்தத் தேய்மானம் என் தாடையில் இருந்திருக்கும். மாறாதீர்கள் என்று நான் கெஞ்சுவது இதனால்தான்.

முதலில் வலி எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். காதுக்கு மேலே தோல் மெல்லியது, அடியிலேயே எலும்பு, நடுவில் நரம்பு ஓடுகிறது. தலைக்கவசத்தின் பஞ்சு கண்ணாடிக் கம்பியை வெளியிலிருந்து தள்ளுகிறது, எலும்பு உள்ளிருந்து விட்டுக்கொடுப்பதில்லை. நடுவில் மாட்டிக்கொண்ட அந்தச் சிறு கீற்றில்தான் அழுத்தம் முழுவதும் விழுகிறது. இந்த வகைத் தலைவலியை மருத்துவர்களே தனியாக வகைப்படுத்தி வைத்திருக்கிறார்கள். அழுத்தம் நீங்கினால் ஒரு மணி நேரத்துக்குள் அது அடங்கிவிடும். கழற்றி வைத்து வெகு நேரம் ஆகியும் வலி இருந்தால், கண்ணாடியின் பவரைச் சோதித்துப் பார்க்க வேண்டும்.

ஆகவே மாற்ற வேண்டியது பெரும்பாலும் ஃபிரேம்தான். பட்டையான பிளாஸ்டிக் ஷெல் ஃபிரேம் எவ்வளவு அழகாக இருந்தாலும் தலைக்கவசத்துக்குப் பகை. மெல்லிய, தட்டையான உலோகக் கம்பி உள்ள ஃபிரேமாகப் பாருங்கள். கம்பியின் முனை காதுக்குப் பின்னால் கொக்கிபோல வளையாமல் கூடியவரை நேராகப் போக வேண்டும். புதிது வாங்க முடியாவிட்டால், இருக்கும் கண்ணாடியை வாங்கிய கடைக்கே எடுத்துச் செல்லுங்கள். என் கடைக்காரர் முனையைச் சூடு காட்டி, வளைவைக் கொஞ்சம் நிமிர்த்திக் கொடுத்தார். ஐந்து நிமிட வேலை, காசு வாங்கவில்லை. வெறும் முகத்தில் கண்ணாடி சற்றே வழுக்குகிறது, உண்மைதான். ஆனால் தலைக்கவசத்துக்குள் பஞ்சே அதைப் பிடித்துக்கொள்கிறது.

அடுத்தது போட்டுக்கொள்ளும் முறை. கண்ணாடியோடு தலையை உள்ளே விட்டால் ஃபிரேம் கோணும், மூக்கில் காயம் படும். கண்ணாடியைக் கழற்றி வண்டியின் இருக்கையில் வையுங்கள். தாடைப் பட்டை இரண்டையும் பிடித்து வெளிப்பக்கமாக விரித்துத் தலைக்கவசத்தை இறக்குங்கள். பட்டையைப் பூட்டுங்கள். வைசரை, அதாவது முகத்தை மூடும் ஒளிபுகும் தகட்டை, தூக்கிவிட்டு, கண்ணாடியை இரண்டு கையாலும் பிடித்து, கம்பி முனைகளைச் சற்று மேல்நோக்கிச் சாய்த்து, பொட்டை ஒட்டியே காதுக்கு மேலாக மெல்லத் தள்ளுங்கள். பஞ்சுக்கும் தோலுக்கும் நடுவே அது வழி கண்டுபிடித்துப் போவது விரலிலேயே தெரியும். எங்காவது தடுத்தால் அழுத்தாமல் வெளியே இழுத்து, இன்னும் சற்று மேலே விட்டுப் பாருங்கள். பெரும்பாலும் மயிர்க்கற்றையோ காது மடிப்போதான் தடுக்கும். கழற்றும்போது முதலில் கண்ணாடி, பிறகு தலைக்கவசம்.

புதிய தலைக்கவசம் வாங்குவதானால் உங்கள் கண்ணாடியோடு கடைக்குப் போங்கள். புருவத்துக்கு மேலே தலையைச் சுற்றி டேப் வைத்து அளந்து, அந்த அளவுக்கு உரியதைப் போட்டுக்கொண்டு, கடைக்குள்ளேயே கால் மணி நேரம் இருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. கழற்றியபின் பொட்டில் சிவந்த தடம் ஆழமாக விழுந்திருந்தால் அந்த மாடல் உங்களுக்கு வேண்டாம். சில மாடல்களில் கண்ணாடிக் கம்பிக்கென்றே பஞ்சில் பள்ளம் விட்டிருப்பார்கள். கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள். முகப்பகுதியை அப்படியே மேலே தூக்கும் வகையில் கண்ணாடியை மாட்டுவதும் எடுப்பதும் எளிது, ஆனால் எடையும் விலையும் கூடும். எதுவானாலும் தலைக்கவசத்துக்கான தர எண்ணான ஐஎஸ் 4151-ஓடு ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அந்த முத்திரை இல்லாததை 2021 ஜூன் 1 முதல் விற்கவே கூடாது.

வலிக்கிறதே என்று ஓர் அளவு பெரியதாக வாங்கும் தவறை என்னோடு வேலை செய்பவர்கள் பலர் செய்திருக்கிறார்கள். தலைக்கவசத்தைப் பிடித்து இடவலமாக ஆட்டினால் கன்னத்துத் தோலும் கூடவே நகர வேண்டும். அது தனியாகச் சுழன்றால் விழும்போதும் சுழலும். புதுப் பஞ்சு சில வாரங்களில் தானே கொஞ்சம் அமுங்கும். கழற்றும்படி இருந்தால், அதே நிறுவனத்தின் மெல்லிய கன்னப் பஞ்சு கிடைக்குமா என்று கேளுங்கள். பஞ்சுக்குப் பின்னால் தெர்மாகோல்போல ஓர் அடுக்கு இருக்கும். கம்பிக்கு இடம் வேண்டும் என்று அதைக் கத்தியால் சீவாதீர்கள். அடிபடும்போது நசுங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்வது அந்த அடுக்குதான். ஒரு நண்பர் அரை அங்குல ஆழத்துக்குக் குடைந்து வைத்திருந்ததைப் பார்த்து அன்று முழுவதும் எனக்கு மனமே ஆறவில்லை.

இனி ஆவி. மார்கழி, தை மாதங்களில் எங்கள் ஊரில் காலை ஐந்து மணிக்குக் கிளம்பினால், குளிர்ந்த லென்ஸில் மூச்சுக்காற்று பட்ட மாத்திரத்தில் உலகம் வெள்ளையாகிவிடும். வைசரை ஒரே ஒரு பல் அளவு திறந்து வையுங்கள், தாடைக் காற்றுத் துளையைத் திறந்து விடுங்கள், வாயால் மூச்சு விடாதீர்கள். சிக்னலில் நின்றதும் வைசரை முழுவதும் தூக்கிவிடுங்கள். காற்றோட்டம் நின்றவுடன்தான் ஆவி வேகமாகப் படியும். வீட்டிலிருந்து கிளம்பும் முன், பாத்திரம் கழுவும் திரவத்தில் ஒரு சொட்டை லென்ஸின் இரு பக்கமும் தடவிக் கழுவி, நீரை உதறிவிட்டுத் தானாக உலர விடுகிறேன். நீர் துளித்துளியாகத் திரளாமல் மெல்லிய படலமாகப் பரவுவதால் பார்வை மறைவதில்லை. மத்திகிரி வரை தாராளமாகத் தாங்கும். வைசருக்குள் ஒட்டும் இரண்டாவது தாளை விற்கிறார்கள். அது வைசரில் ஆவி படியாமல் காக்கும், கண்ணாடிக்கு உதவாது. ஓடும் வண்டியில் கையுறை விரலால் லென்ஸைத் துடைக்க முயலாதீர்கள், ஓரமாக நிறுத்திவிடுங்கள்.

இரவில் வைசர் ஒன்று, லென்ஸ் ஒன்று என இரண்டு அடுக்கு வழியாகப் பார்க்கிறோம். வைசரில் கீறல் விழுந்திருந்தால் எதிரே வரும் லாரியின் விளக்கு சிலந்திவலைபோல விரியும். வைசரை மட்டும் தனியாக வாங்கி மாற்றலாம். இரவில் ஓட்டுபவர்கள் கறுப்பு வைசரைத் தொடவே வேண்டாம். லென்ஸில் ஒளிப் பிரதிபலிப்பைக் குறைக்கும் பூச்சு இருப்பது நல்லது. உடையும் கண்ணாடி லென்ஸைத் தவிர்த்து, பாலிகார்பனேட் லென்ஸாகக் கேட்டு வாங்குங்கள். வெயிலில் தானே கறுக்கும் லென்ஸை நம்பி வாங்கினால் ஏமாற்றம்தான். அதைக் கறுக்கச் செய்யும் புற ஊதாக் கதிரை வைசரே தடுத்துவிடுகிறது.

இன்னும் ஒன்று, கண்ணாடியின் திருகு. தினமும் செருகி உருவுவதாலும் வண்டியின் அதிர்வாலும் அது மெல்லத் தளர்கிறது. கெலமங்கலம் போகும் வழியில் ஒருமுறை திருகு விழுந்து, கம்பி ஒன்று தலைக்கவசத்துக்குள்ளேயே தங்கிவிட்டது. மற்றொரு கம்பியின் பிடியில் கண்ணாடி நின்றதால் ஓரம் கட்ட முடிந்தது. அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் சின்னத் திருப்புளியால் இரண்டு பக்கமும் ஒரு சுற்று முறுக்கி வைக்கிறேன். பழைய பவர் கண்ணாடி ஒன்று, பெட்டியோடு, வண்டி இருக்கைக்கு அடியில் எப்போதும் இருக்கிறது.