பினாங்கில் எங்கே சாப்பிடலாம்: தெருவோரக் கடை முதல் உயர்தர உணவகம் வரை

மலேசியாவின் பினாங்குத் தீவுக்கு வரும் பயணி குறைந்த செலவிலும் தாராளமாகவும் எங்கெங்கே சாப்பிடலாம் என்ற கேள்விக்கு, முதலில் அதன் தலைநகரான ஜார்ஜ் டவுனின் தெருவோரக் கடைகளையே சொல்வேன்; ஏனெனில் இத்தீவின் மிகச் சிறந்த சமையல் விலை குறைந்த இடங்களில்தான் கிடைக்கிறது.

நாசி கண்டாரைத் தவறவிடவே கூடாது. தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் காவடித் தண்டில் சோற்றையும் குழம்பையும் சுமந்து விற்றதிலிருந்து தோன்றிய இவ்வுணவில், சோற்றின் மீது மீன், கோழி, மாட்டிறைச்சி எனப் பல குழம்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஊற்றித் தருவார்கள். பெரிய இறாலும் மீன்முட்டையும் எடுத்தால் தொகை சட்டென்று ஏறிவிடும் என்பதால், விலையை முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

கெக் லோக் சி என்னும் பௌத்தக் கோயிலுக்குச் செல்பவர்கள், அது அமைந்துள்ள ஆயர் ஈத்தாம் பகுதியில் அசாம் லக்சாவைச் சுவைக்கலாம்: புளியும் கானாங்கெளுத்தி மீனும் சேர்ந்த சாற்றில் தடித்த அரிசி நூடுல்ஸ், மேலே புதினாவும் அன்னாசியும். சைவ உணவினருக்கு ஜார்ஜ் டவுனின் லிட்டில் இந்தியா பகுதியில் வாழையிலைச் சாப்பாடு உண்டு.

சற்று அதிகமாகச் செலவிட இயன்றவர்கள், சீன, மலாய்ச் சமையல் மரபுகள் கலந்த பெரானாக்கான் உணவுக்காக, சிறந்த உணவகங்களுக்குத் தரப்படும் மிஷலின் நட்சத்திரம் பெற்ற ஆண்டி கைக் லீன் உணவகத்தில் முன்பதிவு செய்யலாம். 1885இல் தொடங்கப்பட்ட ஈஸ்டர்ன் அண்டு ஓரியண்டல் ஓட்டலின் பிற்பகல் தேநீர், கடலோரத்தில் நிதானமாக அமர விரும்புவோருக்கு ஏற்றது.